போகிப் புகையில் இறங்காத விமானம்

விமானத்தில் போனால் ஒரு மணி நேரம்தான் என்று சொன்னவன் நான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு அதை எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டார்கள். இனி யாரும் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அளவு புரியும். ஹைதராபாத் விமான நிலையத்தில், ஓடுபாதை ஓரம் நிற்கும் கருவிகளைப் பராமரிக்கிற ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு ஓர் ஒளிக்கற்றை போய்க்கொண்டே இருக்கும். நடுவில் பனியோ புகையோ வந்தால் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு, இறங்குகிற விமானிக்கு ஓடுபாதையில் எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரியும் என்று கருவி சொல்லிவிடும். அதன் கண்ணாடியில் தூசி படிந்தால் தூசியையும் பனி என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடியைத் துடைக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், எழுதிவைக்க வேண்டும். பொன்னேரி கல்லூரியில் இயற்பியல் படித்து, எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பட்டத்தை வாங்கி வந்தவன் செய்கிற வேலை இது. என் அப்பா, எனக்கு நைனா, ஊரில் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

"அவனா? ஏரோப்ளேன் டேசன்ல கண்ணாடி தொடைக்கிறான்."

எத்தனை முறை திருத்தினாலும் அதேதான்.

அப்படி, புகையும் பனியும் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்று அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான், போகியன்று விடியற்காலை சென்னைக்குப் போகும் விமானத்தில் நைனாவுக்கும் எனக்கும் டிக்கெட் போட்டேன். போகி. பழைய பாய், கிழிந்த தலையணை, டயர் எல்லாவற்றையும் தெருவுக்குத் தெரு போட்டு ஊரே கொளுத்தும் நாள். மார்கழிப் பனியோடு அந்தப் புகை சேர்ந்தால் மீனம்பாக்கம் என்ன ஆகும் என்று சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. டிக்கெட் போடும்போது நேரத்தைத்தான் பார்த்தேன், புகையை நினைக்கவில்லை.

நைனா ஹைதராபாத் வந்தது கண் ஆபரேஷனுக்கு. இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் கஞ்சித் தண்ணிக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா அம்மாவுக்கும் பார்க்கலாம், ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான். அதனால் அங்கேயே செய்தோம். ஒரு வாரம் என் அறையில், என்னோடு தங்கியிருக்கும் இரண்டு பேரின் பொறுமையைச் சோதித்தபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிப் பரிசோதனை போகிக்கு முந்தின நாள் என்று டாக்டர் எழுதிவிட்டார். போகி காலை பத்து மணிக்கு நைனா ஊரில் இருந்தாக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீரில்தான் இறால் அதிகம். அங்கே இஷ்டத்துக்கு யாரும் வலை போட முடியாது. அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யார், எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போடுவார்கள். எங்கள் ஊரில் அது போகியன்று. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். ஆள் நேரில் வந்து சீட்டை எடுக்க வேண்டும். பெண்டாட்டி எடுக்கக் கூடாது, கல்யாணமாகாத மகன் எடுக்கக் கூடாது. மூன்றாவது தரத்துக்கும் ஆள் இல்லையென்றால் அந்த வருஷம் அந்த வீட்டுக்குப் பாடு இல்லை. அடுத்தவன் படகில் ஆளாகப் போகலாம், இல்லாவிட்டால் முட்டியளவு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கலாம்.

இந்தச் சட்டத்தில் ஊரிலேயே கறார் யார் என்றால், நைனாதான். போன வருஷம் என் அத்தை வீட்டுக்காரர், அதாவது நைனாவின் சொந்தத் தங்கை புருஷன், மீஞ்சூரில் ஒரு வேலையாகப் போய்விட்டு ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். ஓடி வந்து சேர்ந்தபோது மூன்றாவது தரம் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். "வந்துட்டான்ல, குடுத்துடலாம்" என்று நாலு பேர் சொன்னார்கள். "மூணு தபா கூப்டாச்சு. அடுத்த பேரப் படி" என்று சொன்னவர் நைனா. அத்தை ஆறு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமா அந்த வருஷம் முழுக்கக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்குப் போனார்.

ரயிலில் போகலாம் என்றுதான் நைனா சொன்னார். பொங்கல் கூட்டம், டிக்கெட் கிடைக்கவில்லை. "டிக்கெட்டு கெடைக்கலன்னா இன்னா? நின்னுகினே போலாம்" என்றார். ஆபரேஷன் ஆன கண்ணோடு பொதுப்பெட்டியில் நெரிசலிலும் தூசியிலும் ஒரு ராத்திரியா என்று நான்தான் மறுத்தேன். ஏழு மணிக்கு இறங்கினால் பத்துக்குள் ஊர் என்று காகிதத்தில் எழுதியே காட்டினேன். அந்த ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர்ந்தது. இதை நான் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்திருக்கக் கூடாது.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னலோரம் நைனா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேகத்துக்கு மேல் போனதும் கழற்றிவிட்டார். வெயில் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் என் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"டேய். ஏரிடா."

எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஏரி அப்படியே விரிந்து கிடந்தது. கடலுக்கும் அதற்கும் நடுவில் நார் மாதிரி ஒரு மணல் கோடு. முகத்துவாரத்தில் வெள்ளையாக அலை. கலங்கரை விளக்கம் குச்சி மாதிரி. நைனா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

"அதோ கோயிலு. அதோ பாரு, நம்ம படகு. ப்ளூ கலரு தார்ப்பாய். தெரியுதா?"

"இவ்ளோ ஒசரத்துலேர்ந்து தார்ப்பாய்லாம் தெரியாது நைனா."

"எனக்குத் தெரியுது. புதுக் கண்ணு."

அப்போதுதான் விமானம் சாய்ந்து திரும்பியது. கேப்டன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சென்னையில் பார்வைத் தூரம் குறைவு, நமக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள், நாமும் காத்திருப்போம். தெற்கே பார்த்தேன். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வரைக்கும் எல்லாம் தெளிவு. அதற்கு அப்பால் அழுக்குப் பஞ்சை உதறிப் போட்டது மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படுக்கை. சென்னை அதன் அடியில் எங்கேயோ இருந்தது.

"நைனா, இன்னிக்குப் போகி" என்றேன்.

"ஆமா. அதுக்குத்தான போறோம்?"

ஏரிக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்தோம். ஒருமுறை எங்கள் ஊர் ஜன்னலில் வரும், கடல் வரும், ராக்கெட் விடுகிற தீவு வரும், மறுபடி எங்கள் ஊர் வரும். மூன்றாவது தரம் ஊர் வந்தபோது நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்டா சுத்திகினே கீறான்?"

"பனியும் புகையும் கலந்து கெடக்குது. ஓடுபாதை தெரியாது. நெலைமை சரியாவட்டும்னு பாக்குறாரு."

"எனக்கே தெரியுது. அவனுக்குத் தெரியாதா?"

"உனக்கு ஏரி தெரியுது நைனா. அவரு எறங்க வேண்டியது மீனம்பாக்கத்துல."

"இங்கயே எறக்கச் சொல்லேன். உப்பளம் பக்கம் எவ்ளோ எடம் கீது."

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஏழே கால்.

இந்த இடத்தில் நான் செய்தது என் படிப்பின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையால். நைனாவுக்கு எல்லாவற்றையும் முறையாக விளக்கிவிட்டால் பதற்றம் குறையும் என்று நினைத்தேன். ஓடுபாதை ஓரம் கருவி இருக்கும், அது மீட்டர் கணக்கில் சொல்லும், இத்தனை மீட்டருக்குக் கீழே போனால் இறங்க முயற்சியே பண்ணக்கூடாது. அதற்கு மேல் இருந்தால் இறங்கிப் பார்க்கலாம். ஆனால் தரைக்கு இருநூறு அடி உயரம் வருவதற்குள் ஓடுபாதை விளக்கு கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரியவில்லையா, யோசிக்கவே கூடாது, மேலே தூக்கிவிட வேண்டும்.

"இருநூறு அடின்னா எத்தினி பாகம்?"

ஆறடி ஒரு பாகம் என்று வகுத்துப் பார்த்தேன். "முப்பத்து மூணு பாகம் வரும்."

"முப்பது பாகத்துக்கு வந்துட்டு எவனாவது திரும்புவானா? கையெட்டுற தூரம்டா அது."

"அதான் ரூலு நைனா. ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு எறங்கினாதான் மோதிக்கும்."

"நான் எறங்கல?"

இது வரும் என்று எனக்குத் தெரியும். நான் பத்தாவது படித்தபோது ஒரு தை மாதம், கடலிலிருந்து திரும்பும்போது பனி மூடிக்கொண்டது. மற்ற படகெல்லாம் வெளியே நங்கூரம் போட்டு வெயிலுக்காகக் காத்திருக்க, நைனா மட்டும் அலைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே ஃபைபர் படகை முகத்துவாரத்துக்குள் விட்டுக்கொண்டு வந்தார். கரையில் நின்றிருந்த அம்மா அவரைப் பார்த்ததும் மண்ணை வாரி அவர் மேலேயே வீசினாள். அதை இன்று வரை ஒரு பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"நீ பண்ணது தப்பு நைனா. கவுந்திருக்கும்."

"கவுந்துச்சா?"

"கவுழல."

"அப்புறம்?"

மூன்று வருஷம் இயற்பியல் படித்தேன். கவிழாததனால் அது சரியாகிவிடாது என்பதை ஒரு மனிதருக்குப் புரியவைக்க அதில் ஒரு வாய்ப்பாடும் இல்லை. "அன்னிக்கு உன் படகுல நாலு பேரு. இதுல நூத்தியெம்பது பேரு" என்றேன். "அப்ப நூத்தியெம்பது பேருக்கும் லேட்டாவுதுல்ல?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்கு எங்கள் முறை வந்தது. சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. நைனா என்னைப் பார்த்து வெற்றியோடு தலையாட்டினார். ஜன்னலில் வெயில் மங்கியது, மஞ்சளானது, பிறகு சாம்பல். இறக்கை நுனியில் இருந்த விளக்கு ஒரு பஞ்சுருண்டை ஆனது. டயர் கருகும் நாற்றம் உள்ளே வருவது மாதிரி எனக்குத் தோன்றியது, தோன்றியதுதான், வந்திருக்காது. எண்ணிக்கொண்டே இருந்தேன். இப்போது ஐநூறு அடி. இப்போது முந்நூறு. இப்போது. அந்த நொடியில் எஞ்சின் உறுமியது, முதுகு இருக்கையில் அழுந்தியது, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. யாரோ ஒரு அம்மா "முருகா" என்று கத்தினார். நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறுபடி வெயில். மறுபடி ஏரி.

"உட்டுட்டானே" என்றார். "வாசல் வரைக்கும் வந்துட்டு உட்டுட்டானே. பேஜாரு புடிச்சவன்."

இன்னொரு தரமும் இறங்கிப் பார்த்தார்கள். அதேதான். அதற்கு மேல் எரிபொருளை வைத்துக்கொண்டு விளையாட முடியாது என்பதால், பெங்களூருக்குப் போகிறோம் என்று கேப்டன் அறிவித்தார். "பெங்களூரு" என்ற ஒரு சொல் மட்டும் நைனாவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்கடா போறான்?"

"பெங்களூருக்கு."

"அங்க நமக்கு யாரு கீறா?"

அந்தக் கேள்விக்கு எதிரே உட்கார்ந்து அழலாமா என்று இருந்தது. வழியெல்லாம் அதே பேச்சு. பயந்தாங்கொள்ளி, ஓட்டத் தெரியாதவன், சம்பளத்துக்கு ஓட்டுறவன். நானும் ஓயவில்லை. கருவி, மீட்டர், இருநூறு அடி, விதி, காரணம். என் குரல் எனக்கே அருவருப்பாகும் வரை பேசினேன். இந்த விமானி செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம். தப்பு யார் பக்கம் என்று பார்த்தால், போகி நாளில் டிக்கெட் போட்டவன் பக்கம்தான்.

பெங்களூரில் இறங்கியபோது ஒன்பதாகப் பத்து நிமிஷம். யாரையும் இறங்கவிடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, இறங்க முடியாமல் மேலேயே சுற்றுகிறார்கள், நேரமாகும் என்று மட்டும் சொன்னேன், பெங்களூர் என்று சொல்லத் துணிவில்லை. சென்னை தெளிந்ததும் இதே விமானம் திரும்பும் என்றார்கள். விமானிகள் அறையின் கதவு திறந்திருந்தது. துணை விமானி வாசலில் வந்து நின்றாள். என் வயசுதான் இருக்கும். முன்வரிசையில் யாரோ கேட்டதற்குத் தமிழில் பதில் சொன்னாள். மதுரைப் பக்கத்துத் தமிழ். நைனா எழுந்துவிட்டார்.

"நைனா, வேணாம். சண்டை போடாத."

"சண்டையா? ஒரு வார்த்தை கேக்குறேன்."

கறுப்புக் கண்ணாடியும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நடைபாதையில் போனார். எங்கே ஏதாவது சொல்லிவிடப் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்மா, நீயா ஓட்டுன?"

"கேப்டன் ஓட்டுனாருங்கய்யா. நான் வெளிய பாத்துச் சொல்லணும். லைட்டு தெரியுதா இல்லையான்னு."

"தெரியலயா?"

"தெரியலங்கய்யா."

"ஒண்ணுமேவா?"

"ரெண்டாவது தடவை ஒரு செகண்டு ஏதோ மினுங்குன மாதிரி இருந்துச்சு. நிச்சயமாத் தெரியல. தெரியலன்னு சொல்லிட்டேன்."

நைனா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"தெரியலன்னா சரிம்மா" என்றார். "சாப்ட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். நைனா திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் நான் தொண்டை வறளக் கத்தியதை அவள் நாலு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நான் சொன்னப்ப கேக்கலயே நைனா நீ."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு பாத்துச்சுடா. அணியத்துல நிக்கிறது அதான். அணியத்துல நிக்கிறவன் தெரியலன்னா தெரியலதான். பின்னால குந்திகினு கீறவன் பேசக் கூடாது."

படகின் முன்முனையை அணியம் என்போம். அங்கே நிற்கிறவன் சொல்வதுதான் பின்னால் சுக்கான் பிடிப்பவனுக்கு வேதம். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் கருவி, மீட்டர் என்று அளந்துகொண்டிருந்தேன்.

பத்தாக ஐந்து நிமிஷத்துக்கு மாமாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. போன வருஷம் பாட்டை இழந்த அதே மாமா. நான் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"இன்னா மச்சான், மேலயே சுத்திகினு கீறியாமே? அக்கா சொல்லுச்சு."

"மேல இல்ல. பெங்களூரு."

"பழவேற்காட்டுக்குப் பெங்களூரு வழியா? புது ரூட்டா கீதே!" கூட்டம் சிரித்தது. பிறகு மாமாவின் குரல் இறங்கியது. "மச்சான், வெளையாட்டு இல்ல, கேளு. உன் பேரு அஞ்சாவது. பெரியதனக்காரரு இன்னா சொல்றாருன்னா, நீ ஒரு வார்த்தை கேட்டா கடைசி வரைக்கும் உன் சீட்டை நிறுத்தி வெக்கலாம்ங்கறாரு. ஊரு சரின்னுடுச்சு. நானும் சரின்னுட்டேன். நீ வாயத் தொறந்து கேக்கணும், அவ்ளோதான்."

எனக்கு உயிர் வந்தது. நைனாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். "கேளு நைனா. கேளு."

நைனா போன் பக்கம் குனிந்தார்.

"போன வருசம் நீ மீஞ்சூரு கேட்டுல எவ்ளோ நேரம் நின்ன?"

"அது இன்னாத்துக்கு இப்ப? கூட்ஸு வண்டி. இருவது நிமிசம் இருக்கும்."

"நான் பெங்களூருல கீறேன். கூப்டச் சொல்லு."

"மச்சான்..."

"மூணு தபா கூப்ட்டு, அடுத்த பேரப் படிக்கச் சொல்லு."

நான் போனைப் பிடுங்கினேன். "மாமா, நைனா சொல்றத உடுங்க. நான் கேக்குறேன். நிறுத்தி வெக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள்: "நீ கேட்டு இன்னாடா ஆவும்? உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

மறுபடி சிரிப்பு. பட்டம் வாங்கியிருக்கிறேன், வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். ஊரில் என் வார்த்தைக்கு மதிப்பு வர ஒரு தாலி கட்டியிருக்க வேண்டும். "இது எங்க வீட்டுப் பாடு" என்று கத்தினேன். முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. நைனா போனை என் கையிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். அணைக்கவில்லை.

முதல் நாலு பெயரும் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு பெரியதனக்காரரின் குரல் நைனாவின் பெயரைக் கூப்பிட்டது. ஒரு தரம். இரண்டாவது தரம் இழுத்துக் கூப்பிட்டார், வேண்டுமென்றே நேரம் கொடுப்பது மாதிரி. நைனா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது அவர் வாய் திறந்தது. முப்பது வருஷமாக அந்தக் குரலுக்கு "கீறேன்" என்று சொல்லிப் பழகிய வாய். திறந்தபடியே கொஞ்ச நேரம் இருந்து மூடிக்கொண்டது. அடுத்த பெயரைப் படித்தார்கள்.

"சொட்டு போட நேரமாச்சுடா" என்றார்.

மருந்தை எடுத்தேன். தலையைச் சாய்த்துக் கொடுத்தார். புட்டியை அழுத்தினேன். கண்ணிலிருந்து வழிந்து கன்னத்தில் ஓடியது.

"ரெண்டு சொட்டுதான் சொன்னாரு டாக்டரு. நீ இன்னா, ஊத்துற?"

விமானம் ஒருவழியாகச் சென்னையில் இறங்கிய பிறகு, பிற்பகல் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போகிச் சாம்பலைக்கூடக் கூட்டி அள்ளியிருந்தார்கள். அம்மா என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. ஏரோப்ளேன், இங்கிலீஷு, என் படிப்பு, எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதெல்லாம் நான் சொன்ன சாக்குகள், ஒன்றும் விடவில்லை. அவளாவது ஏசினாள். நைனா ஏசவே இல்லை. வந்து விசாரித்தவர்களிடமெல்லாம், "அந்தப் பொண்ணுக்குத் தெரியல. திருப்பிட்டாங்கோ. சரியாத்தான் பண்ணாங்கோ" என்று விமானத்துக்குப் பரிந்து பேசினார். டிக்கெட் போட்டது யார் என்று ஒருவர் கேட்டதற்குக்கூட, "ரயில்ல டிக்கெட்டு கெடைக்கல" என்று முடித்துவிட்டார். இது என்ன தண்டனை? நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

சாயங்காலம் மாமா வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நல்ல பாடு விழுந்திருந்தது. உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"கண்ணு எப்ப சரியாவும் மச்சான்?"

"தண்ணி படக் கூடாது. ஒரு மாசம்."

"ஒரு மாசம் கழிச்சு என் படகுல வா. அணியத்துல நில்லு. புதுக் கண்ணுன்னு பீத்திகினியே, இன்னாதான் தெரியுதுன்னு பாக்குறேன்."

நைனா தலையை மட்டும் ஆட்டினார். சொந்தப் பாடு வைத்திருந்தவர், தங்கை புருஷன் படகில் கூலி ஆள். மாமா போன பிறகு நான் வெடித்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று.

"கேட்டா குடுத்துட்டிருப்பானுங்கடா" என்றார். "அதான்."

மாசி பிறந்ததிலிருந்து மாமா படகில்தான் போகிறார். நான் ஹைதராபாத் திரும்பிவிட்டேன். இப்போது புதிதாக ஒரு தொல்லை. மாமாவுக்குப் பாடு வரும் நாளில் எல்லாம், நான் ஓடுபாதை ஓரத்தில் கையில் துணியோடு நிற்கிற நேரம் பார்த்து, ஏரிக்கரையிலிருந்து போன் வரும்.

"உன் கண்ணாடி இன்னிக்கு இன்னா சொல்லுது?"

"நைனா, இது ஹைதராபாத். இங்க எவ்ளோ தெரியுதுன்னா உனக்கு இன்னா பிரயோஜனம்? உன் ஏரியில பனி இருக்குதா இல்லையான்னு உன் கண்ணால பாரு."

"அத நான் பாத்துகினேன். நீ சொல்லு."

எத்தனை தரம் சொல்லியும் விடுவதில்லை. சொல்லாவிட்டால் மறுபடி அடிப்பார். எனக்கு மேலே இருக்கும் அதிகாரி, வேலை நேரத்தில் என்ன போன் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.

"ஆயிரத்து ஐநூறு மீட்டர்."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், மாமாவிடம் அவர் உரக்கச் சொல்வது கேட்கிறது.

"ஆயிரத்து ஐநூறாம் மச்சான். பையன் பாத்துச் சொல்றான்."